மலையடிவாரத் தோட்டத்தில் எங்கே கோளாறு? அறிகுறியைப் பார்த்துப் பிடிக்கும் வழி

சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலையின் உயரம் 164 மீட்டர்தான். ஊரில் பெரிய மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு மேடு. ஆனால் அதன் அடிவாரத்தில் தரைவீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால், அந்த மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் எவ்வளவு வேலை வைக்கும் என்று சொல்வார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. மலை முழுக்கக் கருங்கல். அந்தக் கல் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் மக்கி, செம்பழுப்புக் களிமண்ணாகக் கீழே படிந்திருக்கிறது. நனைந்தால் காலோடு ஒட்டும், காய்ந்தால் கடப்பாரை இறங்காது.

இந்த வட்டாரத்து வீடுகளில் இருபது வருடத்துக்கு மேலாகத் தோட்ட வேலை செய்கிறேன். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் செடியைத்தான் காட்டுவார்கள். இலை மஞ்சளாகிறது, புல் காய்கிறது, பூ வரவில்லை என்பார்கள். நான் செடியைக் கடைசியில்தான் பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எப்படி வெளியேறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. முக்கால்வாசிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆகவே, செடி வாங்கவோ உரம் வாங்கவோ கிளம்பும் முன் ஒரு நல்ல மழையைத் தவறவிடாமல் பாருங்கள். இடி இல்லாவிட்டால் குடையோடு தோட்டத்தில் நில்லுங்கள். இடி இடித்தால் வாசலில் நின்று பார்த்தாலே போதும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டு மேட்டிலிருந்து எது உள்ளே வருகிறது, எந்த இடத்தில் செந்நிறமாக ஓடுகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் ஒரு 60 சென்டிமீட்டர் இரும்புக் கம்பி. அதைத் தோட்டத்தில் பத்து இடத்திலாவது குத்திப் பாருங்கள். எங்கே சுலபமாக இறங்குகிறது, எங்கே 'டக்' என்று முட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற பாதி விஷயத்துக்கு இந்த இரண்டும் தேவைப்படும்.

மழை விட்டு ஒரு நாளாகியும் தண்ணீர் நிற்கிறது

இதில் மூன்று வகை உண்டு. பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், மருந்து மட்டும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தவர்கள் நிறையப் பேர்.

மூன்று நாள் மழையே இல்லாமல் இருக்கட்டும். அப்போதும் அந்த இடம் காலை வைத்தால் 'சொத சொத' என்று இருக்கிறதா? அப்படியென்றால் அது மேலிருந்து விழுந்த மழை அல்ல. மண்ணுக்குள்ளே மேட்டிலிருந்து ஊறி வருகிற தண்ணீர், அல்லது உடைந்த குழாய். குழாயா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எண் நகர்ந்தால் குழாய் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். தோட்டக்காரர் தேவையில்லை. எண் நகரவில்லை என்றால் ஊற்றுத் தண்ணீர்.

மூன்று நாளில் காய்ந்துவிடுகிறது என்றால், பள்ளமா, இறுகிய மண்ணா என்பதுதான் அடுத்த கேள்வி. 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுதும் இறங்கிய பிறகு இரண்டாவது முறை நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து மணி பாருங்கள். முதல் முறையை நம்பக் கூடாது, காய்ந்த மண் அவசரமாகக் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் 2.5 சென்டிமீட்டராவது இறங்கினால் மண்ணில் குறையில்லை, தரைமட்டத்தைச் சரி செய்தால் போதும். அதற்கும் குறைவென்றால் மண் இறுகிப்போயிருக்கிறது.

பள்ளத்துக்கு மண் நிரப்பி, வீட்டை விட்டு விலகித் தண்ணீர் ஓடும்படி மீட்டருக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். இறுகிய மண்ணைத் தோட்ட முள்கரண்டியால் 20 சென்டிமீட்டர் ஆழம் கிளறி, மக்கிய உரத்தைத் தாராளமாகக் கலக்க வேண்டும். களிமண் இளகட்டும் என்று மணல் வாங்கிக் கொட்டுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் அது சுடாத செங்கல்தான். மணல் வேலை செய்ய வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அந்தக் காசுக்கு எத்தனையோ மூட்டை மக்கிய உரம் வாங்கலாம்.

ஊற்றுத் தண்ணீருக்கு ஒரே வழி, அதை வழியிலேயே மறித்துத் திருப்பிவிடுவது. ஈரம் நிற்கிற இடத்திலேயே தோண்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தோண்ட வேண்டியது அதற்கு மேலே, சரிவு முடிந்து சமதரை தொடங்குகிற கோட்டில். 30 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம், மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். பள்ளத்துக்குள் வடிகட்டித் துணியை விரித்து, அடி முழுக்க ஓர் அடுக்கு ஜல்லி போட்டு, துளையிட்ட 100 மில்லிமீட்டர் குழாயைத் துளைகள் கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி, அதற்கு மேல் மண். தண்ணீர் கீழிருந்து ஏறி வந்து குழாய்க்குள் நுழையும். அதனால்தான் துளை கீழே பார்க்க வேண்டும். துணி இல்லாமல் போட்டால் இந்தக் களிமண் சில வருடத்திலேயே ஜல்லியை அடைத்துவிடும். குழாயின் முடிவு உங்கள் வீட்டுக் கால்வாயில் சேர வேண்டும், பக்கத்து வீட்டு வேலியில் அல்ல. தோண்டிய மண்ணை அன்றைக்கே தார்ப்பாயால் மூடி வையுங்கள். மழையில் கரைந்து பொதுக் கால்வாயில் சேர்ந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு திட்டு மட்டும் இரண்டு நாள் வெயிலுக்கே காய்கிறது

சுற்றிலும் பச்சை, நடுவில் ஒரு பாய் அளவு மட்டும் வைக்கோல் நிறம். கம்பியை எடுத்துக் குத்துங்கள். 10 சென்டிமீட்டரில் முட்டுகிறதா? அடியில் உடைந்த செங்கல், ஓடு, சிமெண்டுக் கட்டி புதைந்திருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது மிச்சத்தை ஏற்றி அனுப்ப மனமில்லாமல் மூடிவிட்டுப் போன வேலை. மேலே கொஞ்சம் மண், அதன் மேல் புல். ஒப்படைக்கும் நாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இதற்குத் தண்ணீரும் உரமும் ஊற்றிப் பயனில்லை. வேர் இறங்க இடமே இல்லை. 30 சென்டிமீட்டர் வரை தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்பிய பிறகுதான் புல் போட வேண்டும். நான் நிரப்புவது 3 பங்கு மேல்மண், 1 பங்கு மக்கிய உரம், 1 பங்கு கழுவிய மணல். இது களிமண்ணைத் திருத்துவது அல்ல, புதிதாக நிரப்புவது. அதனால் இங்கே மணலுக்கு வேலை உண்டு.

சுவர் ஓரத்துச் செடி மட்டும் மஞ்சளாகிறது

ஹில்வியூ பக்கம் ஒரு வீடு. வாசல் சுவரை ஒட்டி இட்லிப்பூச் செடி வரிசை. அந்த வீட்டுப் பாட்டி உர டப்பாவைக் கையோடு எடுத்து வந்து காட்டினார்.

"தம்பி, மூணு மாசமா போடுறேன். பாரு, இன்னும் வெளுத்துக்கிட்டேதான் போவுது."

"எந்த இலை வெளுக்குது பாட்டி? புதுசா, பழசா?"

"புதுசுதாம்பா. பழசு பச்சையாத்தான் இருக்கு."

அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிட்டது. நுனி இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். நரம்புகள் மட்டும் மீன்முள் மாதிரிப் பச்சையாக, நடுவெல்லாம் எலுமிச்சைத் தோல் நிறம். இரும்புச் சத்து எட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சுவர் ஓரத்தில் கைக்கரண்டியால் ஒரு சாண் தோண்டினேன். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. பூச்சு வேலையில் சிந்திய கலவை. சமையலறையிலிருந்து கொஞ்சம் வினிகர் வாங்கி ஒரு கட்டியின் மேல் விட்டேன். சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது. பாட்டி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இந்த மலைமண் இயற்கையில் புளிப்புத்தன்மை உள்ளது. இட்லிப்பூவுக்கு அது பிடித்தமானது. ஆனால் ஒவ்வொரு மழையும் சுவரிலும் கலவைக் கட்டியிலும் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து வேரடியில் சேர்க்கிறது. புளிப்புக் குறையக் குறைய ஏறும் பிஎச் அளவு மண்ணில் 7ஐத் தாண்டியதும் இரும்பு மண்ணிலேயே இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. சாதம் இருக்கிறது, கை எட்டவில்லை. பாட்டி போட்ட உரத்தில் குறை இல்லை, அது இந்த நோய்க்கான மருந்து அல்ல, அவ்வளவுதான்.

செடிகளை வேர்மண்ணோடு எடுத்துவிட்டு, சுவரை ஒட்டி 45 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பழைய மண்ணை அள்ளினோம். புது மண் நிரப்பி, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நட்டோம். வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் வரும் இரும்புச் சத்தை, கீலேட் என்று நர்சரியில் கேட்டால் கொடுப்பார்கள், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். ஆறு வாரத்தில் புதுத் துளிர் கரும்பச்சையாக வந்தது.

உங்கள் வீட்டில் மண்ணை மாற்ற இப்போதைக்கு முடியாதென்றால் இரும்புக் கரைசலை மட்டும் ஊற்றலாம், ஆனால் சில மாதத்துக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கறிவேப்பிலையிலும் இதே கோளாறு வரும்.

மஞ்சளாவது பழைய இலை என்றால் கதை வேறு. மண் ஈரமாக இருந்தும் செடி வாடி, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் வேர் அழுகுகிறது. ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை வரும். தண்ணீரை நிறுத்திவிட்டு மேலே சொன்ன தேங்கல் பகுதிக்குப் போங்கள். மண் நன்றாக இருந்து, பழைய இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் மட்டும் உரம் போடுங்கள். நம் மழை தழைச்சத்தைச் சீக்கிரம் கழுவிவிடும். ஒரேயடியாகக் கொட்டாமல் மாதம் ஒரு முறை கொஞ்சமாகப் போடுவதுதான் சரி.

சரிவில் மண் இறங்குகிறது, வேர்கள் வெளியே தெரிகின்றன

2021 ஜனவரி மாதத்தின் முதல் இரண்டு நாளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் இதைப் பற்றித்தான். சரிவில் வெறும் மண் தெரியக் கூடாது, ஒரு வாரம்கூட. நடவு வேலை தள்ளிப்போனால் தென்னை நார்ப் பாயை விரித்து முளையடித்து வையுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு நான் நம்புவது வெட்டிவேர். நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை நேராகக் கீழே போகும் வேர். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரிசை பிடித்து, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். ஒரே மட்டம் என்பதுதான் இதில் உயிர். கண்ணளவில் நட்டால் வரிசை ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமாக ஓடி வாய்க்காலே வெட்டிவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மாதிரி, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக் குச்சி நட்டுக்கொண்டே போனால் பிசகாது. கூரைத் தண்ணீர் சரிவின் தலையில் விழுந்தால் அதைக் குழாயில் பிடித்துக் கீழே கொண்டுபோன பிறகுதான் நடவு.

தடுப்புச்சுவர் வயிறு தள்ளுகிறது

இதை நீங்களும் சரி செய்ய முடியாது, நானும் முடியாது. தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை சுவரின் மேல்பக்கத்தில் மண்ணோ பெரிய தொட்டியோ வைக்காதீர்கள், கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். சுவர் நன்றாக இருக்கும்போதே ஒன்று செய்யலாம். பெருமழையில் அதன் துளைகளைப் பாருங்கள். பின்னால் மண் ஊறியிருந்தும் துளை காய்ந்திருந்தால் அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். கம்பி விட்டு அடைப்பை எடுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதையும் கால்வாயையும் சேர்த்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிந்துவிடும்.

புல்லில் வட்ட வட்டமாகப் பழுப்பு

பழுப்பான புல்லை ஒரு கைப்பிடி பிடித்து இழுங்கள். பாய் சுருட்டுகிற மாதிரி மொத்தமாகக் கையோடு வந்தால், வேரை வெண்புழு தின்றிருக்கிறது. அடியில் பிறை வடிவில் சுருண்டு கிடக்கும். இலை மட்டும் அடியில் அழுகிக் கழன்று வந்து, வட்டத்தின் ஓரம் காலை நேரத்தில் கருத்துத் தெரிந்தால் பூஞ்சை. மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றுங்கள். இலை விளிம்பெல்லாம் கடித்த அடையாளம் இருந்து, வட்டம் ஒரே இரவில் பெரிதானால் படைப்புழு. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் புழுக்கள் மேலே வரும். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் அது நாயின் மூத்திரம்.

இது எதுவும் இல்லையென்றால் வெட்டும் உயரத்தைப் பாருங்கள். இங்கே கவ் கிராஸ் என்று எல்லோரும் சொல்லும் அகல இலைப் புல்லை 5 சென்டிமீட்டருக்குக் கீழே மொட்டையடித்தால் வெயில் தாங்காது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

மரத்தடியில் புல் நிற்பதில்லை

நிற்காது. எத்தனை முறை போட்டாலும் நிற்காது. பாண்டான், பெரணி மாதிரி நிழல் தாங்கும் செடிகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள். வெளிச்சத்துக்காக மரத்தை வெட்ட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருந்து, மரத்தின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். சொந்த நிலம்தானே என்று வெட்டிவிடக் கூடாது.

காகிதப்பூ இலையாகவே வளர்கிறது

சாலையில் மேம்பாலங்களின் ஓரத்தில் அது எப்படிப் பூக்கிறது பாருங்கள். ஆழமில்லாத தொட்டி, கொளுத்தும் வெயில். மழை குறையும் பிப்ரவரியில் இன்னும் அதிகம். வீட்டில் நாம் அன்பாக ஊற்றும் தண்ணீர்தான் பூவைத் தடுக்கிறது. இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு ஊற்றுங்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். தொட்டியாக இருந்தால் மழை நேராக விழாத, ஆனால் ஆறு மணி நேர வெயில் படுகிற இடத்துக்கு நகர்த்துங்கள்.

ஃபிரங்கிபானி இலையடியில் ஆரஞ்சுத் தூள்

துரு நோய். மரம் சாகாது. விழுந்த இலைகளைப் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். உள்கிளைகளைக் கொஞ்சம் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

காலையில் பார்த்தால் புல்தரை உழுத மாதிரி கிடக்கிறது

காட்டுப்பன்றி. மண்புழுவும் வெண்புழுவும் தேடி மூக்கால் கிளறியிருக்கிறது. காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோபம் வரும், எனக்கும் வரும், முந்திய நாள்தான் போட்ட புல்லாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அதன் காட்டுக்குப் பக்கத்தில் நாம் வந்து குடியிருக்கிறோம். பொறி வைக்கவோ விரட்டிப் பிடிக்கவோ முயலாதீர்கள், குட்டியோடு இருந்தால் பாய்ந்துவிடும். தொல்லை தொடர்ந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது மூன்று. விழுந்த பலாவையும் மாம்பழத்தையும் அன்றன்றைக்கே எடுங்கள். புல்லில் வெண்புழு இருக்கிறதா என்று மேலே சொன்ன மாதிரி இழுத்துப் பாருங்கள், புழு குறைந்தால் பன்றிக்கு வேலை இல்லை. வேலியின் அடிப்பகுதியை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதையுங்கள், மேலே எத்தனை உயரம் இருந்தாலும் பன்றி கீழேதான் தூக்கும். குரங்கு, பன்றி எதற்கும் உணவு வைக்கவே கூடாது. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கிளறிய புல்லைத் தூக்கி எறிய வேண்டாம். அன்று காலையே வேர் கீழே இருக்கும்படி திருப்பி வைத்து, மிதித்து, தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மதியம் வரை வெயிலில் கிடந்தால் போய்விடும்.

தண்ணீர் எங்கும் நிற்கவில்லை, ஆனாலும் கொசு

நிற்கிறது, உங்கள் கண்ணுக்குப் படவில்லை. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு தண்ணீர் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். தொட்டியின் அடித்தட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தது தொட்டியின் மேல்மண். வெயிலில் இறுகிய மண்ணின் மேல் தண்ணீர் அப்படியே நிற்கும், குச்சியால் கிளறிவிடுங்கள். வெட்டிய மூங்கிலின் குழல். வாழையின் இலை மடிப்பு. புரோமிலியாட் செடியின் நடுக்கிண்ணம், இதில் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ குருணையைப் போடலாம், செடிக்குக் கெடுதல் இல்லை. சுருட்டி வைத்த தார்ப்பாயின் மடிப்பு. கடைசியாகக் கூரை வாய்க்கால். மரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஒரே மாதத்தில் சருகு அடைத்துவிடும். ஏணி வைத்து நீங்களே ஏற வேண்டாம், பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

வெயில் அடித்து எல்லாம் காய்ந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஏடிஸ் முட்டை ஈரமில்லாமலே பல மாதம் கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அந்த ஓரத்தில்தான்.